வயரிங் மாத்தின பேஸ் கிட்டார் மக்கர் பண்ணுதா? அறிகுறியை வச்சே கோளாறை பிடிக்கலாம்

புது பாட் (நாபுக்கு அடியில திருகற ரெசிஸ்டர்), புது கெப்பாசிட்டர், புது ஜாக்னு எல்லாத்தையும் வாங்கி உக்காந்து சால்டர் பண்ணி முடிச்சு ஆம்ப்ல சொருகினா, ஒண்ணு சத்தமே வராது, இல்ல உம்ம்னு இரையும், இல்ல ஒரு நாபை குறைச்சா மொத்த பேஸும் செத்துடும். உடனே கடுப்புல எல்லா வயரையும் பிடுங்கிட்டு முதல்ல இருந்து ஆரம்பிக்கறவங்கதான் ஜாஸ்தி. அதை மட்டும் பண்ணாதீங்க. உள்ள இருக்கறது ரொம்ப சின்ன சர்க்யூட், ஜாஸ் பேஸ்னா கம்பி அதிர்றதை சிக்னலா மாத்தற ரெண்டு பிக்கப், மூணு பாட், ஒரு கெப்பாசிட்டர், கேபிள் சொருகற ஒரு ஜாக், கம்பி உக்கார்ற பிரிட்ஜுக்கு போற ஒரு கிரவுண்ட் வயர், முடிஞ்சுது. பெரும்பாலும் ஒரே ஒரு ஜாயின்ட்தான் சொதப்பியிருக்கும், எந்த ஜாயின்ட்னு அந்த அறிகுறியே காட்டிக் கொடுத்துடும், நீங்க எல்லாத்தையும் பிடுங்கினா புதுசா நாலு சொதப்பல் சேரும்.

கீழ சொல்றது பெரும்பாலும் ஃபெண்டர் ஜாஸ் பேஸ் மாதிரி வால்யூம், வால்யூம், டோன்னு மூணு நாப் இருக்கற, பேட்டரி இல்லாத பேசிவ் பேஸுக்கு. ஒரே பிக்கப் இருக்கற பிரிசிஷன் மாடலுக்கும் பேட்டரி போடற ஆக்டிவ் பேஸுக்கும் எங்க வித்தியாசப்படுதோ அங்க சொல்றேன்.

பிளேட்டை கழட்டறதுக்கு முன்னாடி

சால்டரிங் அயனை சூடு பண்ண வேணாம், ஸ்க்ரூடிரைவரும் வேணாம். கேபிளை பேஸ்ல சொருகுங்க, மறுமுனையை ஆம்ப்ல போடாம கையில வச்சுக்கங்க. மல்டிமீட்டரை 200 கிலோஓம்ஸ் ரேஞ்சுல வச்சு ஒரு ப்ரோபை பிளக்கோட நுனியில, இன்னொண்ணை பிளக் பாடியில வைங்க. கேபிளே அறுந்திருந்தா இதெல்லாம் வேஸ்ட், அதனால கேபிளை முதல்ல தனியா, கனெக்ஷன் இருந்தா பீப் அடிக்கற மோடுல பார்த்துடுங்க.

நல்லா இருக்கற ஜாஸ் பேஸ்ல ரெண்டு வால்யூமும் ஃபுல்லா திறந்திருந்தா மூணரை, நாலு கிலோஓம் பக்கம் காட்டும். ஒவ்வொரு பிக்கப்பும் ஏழு, எட்டு கிலோஓம் இருக்கும், ரெண்டும் பேரலல்ல சேர்றதால பாதி. ஒரு வால்யூமை முழுசா மூடினா ஏழு பக்கம் ஏறும், அதுதான் அந்த இன்னொரு பிக்கப். ரெண்டையும் மூடினா பூஜ்யம் காட்டும்னு எல்லாரும் நினைப்பாங்க, காட்டாது, 125 கிலோஓம் பக்கம் காட்டும். ஏன்னா ஜாஸ் பேஸ்ல மூடும்போது பிக்கப்தான் கிரவுண்டோட ஷார்ட் ஆகுது, ஜாக் பக்கம் ரெண்டு 250 கே (கிலோஓம்) பாட் பேரலல்ல அப்படியே நிக்குது. ரெண்டு வால்யூமையும் மூடி வச்சாலும் சில ஜாஸ் பேஸ்ல லேசா இரைச்சல் கேக்கறதுக்கு இதான் காரணம், அது கோளாறு இல்ல.

பிரிசிஷன் மாடல்ல ஃபுல்லா திறந்தா பத்து கிலோஓம் பக்கம், மூடினா நிஜமாவே பூஜ்யம். ஆக்டிவ் பேஸ்ல இந்த அளவுக்கு அர்த்தமே இல்ல, நடுவுல ப்ரீஆம்ப், அதாவது பேட்டரியில ஓடற சின்ன ஆம்ப் உக்காந்திருக்கு.

இந்த நம்பரை ஒரு பேப்பர்ல எழுதி வச்சுக்கங்க, கீழ வர்ற பாதி விஷயத்துக்கு இது போதும்.

சத்தமே இல்ல

மீட்டர் பூஜ்யம் காட்டுதா, எதுவுமே காட்டாம 1ன்னோ ஓஎல்னோ (ரேஞ்சுக்கு வெளிய) நிக்குதா? ரெண்டும் வேற வேற வியாதி.

பூஜ்யம்னா எங்கயோ ஹாட் வயர், அதாவது சிக்னல் போற வயர், கிரவுண்டை தொடுது. இரைச்சலை தடுக்க உள்ள காப்பர் டேப் ஒட்டினவங்களுக்கு முதல் சந்தேகம் ஜாக் மேலதான் வரணும். ஜாக்ல பிளக் நுனிக்கான டிப் கால்னு ஒண்ணு வெளிய நீட்டிட்டு இருக்கும், வெளியில நட்டை டைட் பண்ணும்போது ஜாக்கும் கூடவே கொஞ்சம் சுத்தும், அந்த கால் போய் சுவத்துல இருக்கற காப்பர்ல முட்டும், ஆட்டம் க்ளோஸ். கேபிள் சொருகாத வரைக்கும் முட்டாம இருந்துட்டு, சொருகினதும் ஸ்பிரிங் வளைஞ்சு அப்பதான் முட்டறதும் உண்டு, அதனால கேபிள் சொருகின நிலையிலயே அளந்து பாருங்க. காலுக்கு நேரா காப்பர் மேல இன்சுலேஷன் டேப் ஒரு துண்டு ஒட்டினா போதும். அடுத்த சந்தேகம் ஷீல்டு வயர், அதோட வெளிப் பின்னல்ல இருந்து முடி மாதிரி ஒரே ஒரு இழை பிரிஞ்சு பக்கத்து காலை தொட்டுட்டு இருக்கும், கண்ணுக்கே தெரியாது, மொபைல் கேமராவை ஜூம் பண்ணி பாருங்க.

ஓஎல்னா ஹாட்டோ கிரவுண்டோ ஜாக் பக்கத்துலயே அறுந்திருக்கு. ரெண்டு வால்யூமும் ஃபுல்லா இருக்கும்போதே 125 காட்டினா ஜாக்ல இருந்து பாட் வரைக்கும் ஓகே, பிக்கப் வயர்தான் வந்து சேரல. எல்லாம் ஒழுங்கா மூணரை, நாலு காட்டியும் சத்தம் இல்லன்னா ஆம்ப்பை பாருங்க, பேஸை விடுங்க.

ஒரு பிக்கப் மட்டும் சத்தம் சுத்தமா போகாம, பழைய டிரான்சிஸ்டர் ரேடியோ மாதிரி ஒல்லியா, பேஸே இல்லாம, தூரத்துல கேக்குதுன்னா அந்த பிக்கப்போட காயில் அறுந்திருக்க வாய்ப்பு அதிகம். காயில் வயர் தலைமுடியை விட மெல்லிசு, பிக்கப் அடியில ரெண்டு கண்ணு மாதிரி ஓட்டை இருக்குமே, வெளி வயரும் காயில் வயரும் சேர்ற இடம், அங்கதான் வயரை இழுக்கும்போது பிச்சுக்கும். வெளி முனையா இருந்து கண்ணுக்கு தெரிஞ்சா எனாமலை லேசா சுரண்டிட்டு பத்த வைக்கலாம், உள் முனைன்னா காயில் சுத்தறவங்ககிட்ட குடுக்கறது நல்லது.

இரைச்சல்

இதுல மட்டும் கொஞ்சம் பொறுமையா இருங்க, ஏன்னா இரைச்சல்னு எல்லாரும் ஒரே வார்த்தையில சொல்றது நாலு அஞ்சு வேற வேற கோளாறு.

முதல் டெஸ்ட், கம்பியை தொடுங்க. தொட்டதும் இரைச்சல் குறைஞ்சா கிரவுண்ட் வயரிங் சரியாத்தான் இருக்கு, உங்க உடம்பு ஆன்டெனாவா வாங்கிட்டு இருந்த இரைச்சல் கிரவுண்டுக்கு போகுது, மிச்சம் வேண்டியது ஷீல்டிங்தான், அதாவது உள்ள காப்பர் டேப் ஒட்டி கிரவுண்டோட சேர்க்கறது. தொட்டாலும் தொடாட்டியும் ஒரே மாதிரி இருந்து, நாப் மேலயோ ஜாக் மேலயோ கை வச்சா மட்டும் குறைஞ்சா பிரிட்ஜ் வயர் விட்டுப் போச்சு. தொட்டா அதிகமாகுதுன்னா கிட்டத்தட்ட நிச்சயமா ஜாக்ல ஹாட்டும் கிரவுண்டும் மாறி இருக்கு. சத்தம் என்னவோ வரும், அதனாலதான் நிறைய பேர் ஜாக்கை சந்தேகப்படவே மாட்டாங்க. பிளக் பாடியில இருந்து, கிரவுண்டா இருக்கற பாட் முதுகுக்கு பீப் அடிக்கணும், பிளக் நுனியில இருந்து அடிச்சா மாத்தி வச்சிருக்கீங்க.

பிரிட்ஜ் வயர்ல கோளாறுன்னா பிளக் பாடியில ஒரு ப்ரோப், பிரிட்ஜ் மேல ஒரு ப்ரோப், ஒரு ஓமுக்கு மேல இருக்கக் கூடாது. அந்த வயர் பிரிட்ஜுக்கு அடியில வெறுமனே நசுங்கித்தான் நிக்கும், சால்டர் கிடையாது. பிரிட்ஜை கழட்டி வயர் நுனியை விசிறி மாதிரி விரிச்சு, பிரிட்ஜோட அடிப்பக்கத்தை உப்புத்தாள் போட்டு பளபளன்னு ஆக்கி மறுபடி முறுக்குங்க. கடலோர ஊர்ல இருந்தா அடியில பச்சை பூத்திருக்கும். ஈஎம்ஜி ஆக்டிவ் பிக்கப் போட்டவங்க இதை தேட வேணாம், அதுக்கு கம்பி கிரவுண்டே வேண்டாம்னுதான் அந்த கம்பெனி சொல்லுது.

ரெண்டாவது டெஸ்ட், பேஸை கையில பிடிச்சுட்டு மெதுவா ஒரு சுத்து சுத்துங்க. திசை மாறும்போது இரைச்சல் ஏறி இறங்கினா அது சிங்கிள் காயில் பிக்கப் சுத்துப்புறத்துல இருக்கற 50 ஹெர்ட்ஸ் காந்தப் புலத்தை வாங்கறது. ஃபேன் ரெகுலேட்டர், எல்இடி டிரைவர், லேப்டாப் சார்ஜர், ஆம்ப்போட சொந்த டிரான்ஸ்ஃபார்மர்னு எல்லாமே ஊதும். இதுக்கு எத்தனை காப்பர் டேப் ஒட்டினாலும் பெருசா பிரயோஜனம் கிடையாது, காப்பர் எலக்ட்ரிக் புலத்தைத்தான் தடுக்கும், இந்த 50 ஹெர்ட்ஸ் காந்தப் புலத்தை ஒண்ணும் பண்ணாது. ஜாஸ் பேஸ்ல இதுக்கு மருந்து ரெண்டு வால்யூமையும் ஃபுல்லா வைக்கறதுதான், ஒரு பிக்கப்பை திருப்பி சுத்தி காந்தத்தையும் திருப்பி வச்சிருப்பாங்க, ரெண்டும் சமமா இருக்கும்போது இரைச்சல் ஒண்ணை ஒண்ணு அடிச்சுக்கும். ஒண்ணை கொஞ்சம் குறைச்சாலும் இரைச்சல் எட்டிப் பார்க்கும், அது டிசைன், சரி பண்ண ஒண்ணுமில்ல.

எந்தப் பக்கம் திரும்பினாலும் மாறாத கரகர இரைச்சல்னா கோளாறு கிரவுண்ட்லயோ ஷீல்டிங்லயோதான். காப்பர் டேப் வாங்கும்போது கோந்தும் கரண்ட் கடத்தற வகையான்னு பாருங்க, சாதாரண கோந்துன்னா ஒவ்வொரு துண்டும் தனித் தீவு, ஒண்ணு மேல ஒண்ணு ஏத்தி ஒட்டினாலும் கனெக்ட் ஆகாது, ஜாயின்ட் எல்லாத்துலயும் ஒரு பொட்டு ஈயம் வைக்கணும். பிக்கப் குழியில ஒட்டின காப்பரை ஒரு வயர் போட்டு கிரவுண்டோட சேர்க்கலன்னா அது ஷீல்டே இல்ல, வெறும் அலங்காரம். கிரவுண்ட் வயர் வளையமா ஆனா அதுவே இரையும், கிரவுண்ட் லூப் கிரவுண்ட் லூப்னு பயந்து ஒரே புள்ளியில எல்லா வயரையும் மூட்டை கட்டறவங்க இருக்காங்க, ஒரு உள்ளங்கை அளவு குழிக்குள்ள அதுக்கெல்லாம் அவ்ளோ மெனக்கெட வேணாம்னு நான் நினைக்கிறேன், ஜாயின்ட் ஒழுங்கா இருந்தா போதும்.

இன்னொண்ணு, இது பேஸ் சம்பந்தப்பட்டது இல்ல ஆனா ஆளை கொல்லக்கூடியது. கம்பியில கை வச்சுட்டு மைக்ல உதடு பட்டா சுர்ருனு அடிக்குதுன்னா கிட்டார் வயரிங்கை நோண்டாதீங்க. ஆம்ப்புக்கோ மிக்ஸருக்கோ எர்த் இல்ல, இல்லன்னா லைன்ல லீக் இருக்கு. உடனே வாசிக்கறதை நிறுத்திட்டு பிளக் பாயின்ட்டை எலக்ட்ரீஷியனை வச்சு பாருங்க. இரைச்சல் போகுதுன்னு மூணு பின் பிளக்குல எர்த் பின்னை உடைக்கறது, எர்த் இல்லாத அடாப்டர் போடறது ரெண்டும் கூடவே கூடாது.

ஒரு வால்யூமை மூடினா ரெண்டு பிக்கப்பும் செத்துடுது

ஜாஸ் பேஸ் வயரிங்ல ரொம்ப சகஜமான தப்பு. கிட்டார் டயக்ராமை பார்த்து பண்ணினவங்களுக்குத்தான் பெரும்பாலும் இது வரும். பாட்ல மூணு கால். ஒரே பிக்கப் இருக்கற பேஸ்ல பிக்கப் வயர் ஓரக் காலுக்கும், ஜாக் போற வயர் நடுக் காலுக்கும் வரும். ஜாஸ் பேஸ்ல அப்படியே தலைகீழ், பிக்கப் நடுக் காலுக்கு, வெளிய போறது ஓரக் காலுக்கு. அப்பதான் மூடும்போது அந்த ஒரு பிக்கப் மட்டும் ஷார்ட் ஆகும், மொத்த லைனும் ஆகாது. ரெண்டு வால்யூம் பாட்லயும் அந்த ரெண்டு வயரை மட்டும் இடம் மாத்துங்க, வேற எதையும் தொட வேணாம்.

திருப்பினா சத்தம் தலைகீழா போகுது, அதாவது வலது பக்கம் திருகினா குறையுதுன்னா ரெண்டு ஓரக் காலும் மாறி இருக்கு. டயக்ராம்ல இடதா வலதான்னு குழம்பாதீங்க, பாதி டயக்ராம் முதுகுப்பக்கம் இருந்து வரைஞ்சது, பாதி தண்டுப்பக்கம் இருந்து வரைஞ்சது. வயர் எதுவும் இல்லாம வெறும் பாட்டை எடுத்து நாபை முழுசா மூடுங்க, நடுக் காலுக்கும் எந்த ஓரக் காலுக்கும் நடுவுல பூஜ்யம் காட்டுதோ அந்த ஓரம்தான் கிரவுண்ட்.

ரெண்டையும் ஃபுல்லா வச்சா சத்தம் லேசா நடு குழிஞ்ச மாதிரி ஆகி, ஒண்ணை ஒரு நூல் குறைச்சதும் மிட் முன்னாடி வருதுன்னு சிலர் கோளாறா சொல்வாங்க. ஜாஸ் பேஸே அப்படித்தான்.

ரெண்டு பிக்கப்பும் தனித்தனியா நல்லா இருக்கு, சேர்த்தா தகர டப்பா

ஃபேஸ் மாறி இருக்கு, அதாவது ரெண்டு பிக்கப்போட சிக்னலும் எதிரெதிரா வந்து ஒண்ணை ஒண்ணு அடிச்சுக்குது. ஒரு பிக்கப்போட ரெண்டு வயரையும் ஒண்ணுக்கொண்ணு மாத்தினா தீரும்னு யாரும் சொல்லிடுவாங்க, ஆனா மாத்தறதுக்கு முன்னாடி ரெண்டும் ஃபுல்லா இருக்கும்போது இரைச்சல் என்ன ஆகுதுன்னு கவனிங்க. சத்தமும் ஒல்லி, இரைச்சலும் அதிகம்னா உங்ககிட்ட இருக்கறது சரியான ஜோடி, வயர் மட்டும் மாறியிருக்கு, மாத்தினதும் பேஸ் திரும்ப வரும், இரைச்சலும் அடங்கும். சத்தம் ஒல்லியா இருக்கு ஆனா இரைச்சல் சுத்தமா இல்லன்னா, ரெண்டு பிக்கப்பும் ஒரே பக்கமா சுத்தினது, காந்தமும் ஒரே திசை, ஜோடியா செஞ்சதே இல்ல. அப்ப வயரை மாத்தினா சத்தம் வரும், கூடவே இரைச்சலும் வரும், ரெண்டும் ஒண்ணா கிடைக்காது. பழைய பிக்கப் ஒண்ணு, வேற செட்ல இருந்து ஒண்ணுன்னு வாங்கிப் போட்டவங்களுக்கு இது நடக்கும்.

வயரை மாத்தினப்புறம் பிக்கப்ல தெரியற காந்தக் குச்சியை விரல் தொட்டா கொர்ர்னு வருதா? காயிலோட உள் முனை இப்ப ஹாட் ஆயிடுச்சு, அது காந்தத்தை ஒட்டி சுத்தினது. அப்படின்னா பழையபடி வச்சுட்டு இன்னொரு பிக்கப்போட வயரை மாத்திப் பாருங்க.

பிரிசிஷன்ல ரெண்டு கம்பி மட்டும் சின்னதா கேக்குது

ரெண்டா பிரிஞ்ச பிக்கப்ல ஒரு பாதி ஈ, ஏ கம்பிக்கு, இன்னொரு பாதி டி, ஜி கம்பிக்கு. ரெண்டும் சீரிஸ்ல, அதாவது ஒண்ணுக்கு அடுத்து ஒண்ணா இருக்கு. ஒரு பாதி ஷார்ட்னா மீட்டர் பத்துக்கு பதிலா அஞ்சு காட்டும், அந்த ரெண்டு கம்பி மங்கும், இரைச்சலும் கிளம்பும். நாலு கம்பியும் நல்லா கேட்டு, அளவும் சரியா பத்து காட்டி, ஆனா சிங்கிள் காயில் மாதிரி இரையுதுன்னா ரெண்டு பாதிக்கும் நடுவுல இருக்கற இணைப்பு தலைகீழ். ஒரு கம்பி ஒரு பாதி மேல மட்டும் போறதால காதுக்கு ஃபேஸ் தப்பு தெரியவே தெரியாது, இரைச்சல்தான் காட்டிக் கொடுக்கும்.

டோன் நாப்

மூடினதும் சத்தமே போயிடுதுன்னா கெப்பாசிட்டர் வேலை செய்யல, அதோட ரெண்டு காலும் எங்கயோ ஒட்டிக்கிட்டு இருக்கு. மறுபடி கேபிள் முனையில அளங்க, டோனை திறந்தாலும் மூடினாலும் மீட்டர் நம்பர் மாறவே கூடாது, மீட்டர் அனுப்பறது டிசி கரண்ட், கெப்பாசிட்டர் அதை விடாது. மூடும்போது நம்பர் பூஜ்யத்துக்கு ஓடினா ஷார்ட்.

திருகினா ஒண்ணுமே ஆகலன்னா டோன் பாட் கிரவுண்டுக்கு போகல. ஜாஸ் பேஸ்ல அந்த இரும்பு பிளேட் வழியா பாட் எல்லாம் கிரவுண்ட் ஆயிடும்னு விட்டுடுவாங்க, நட்டு லூசான அன்னிக்கு டோன் போயிடும், பாட் முதுகுக்கு முதுகு ஒரு வயர் போட்டுடுங்க. லேசா மட்டும் மாறுதுன்னா கெப்பாசிட்டர் மேல என்ன அச்சடிச்சிருக்குன்னு பாருங்க. வேண்டியது 473, அதாவது 0.047 மைக்ரோஃபாரட். கடையில அவசரத்துல 472 குடுத்திருப்பாங்க, பத்துல ஒரு பங்கு. 104 வந்திருந்தா நேர்மாறு, மூடினா போர்வை போத்தின மாதிரி இருக்கும். விலை உயர்ந்த ஆரஞ்சு கலர் கெப்பாசிட்டர்தான் வேணும்னு அடம் பிடிக்காதீங்க, ஒரே மதிப்புல சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்ல கிடைக்கற சாதா பாலியஸ்டர் போதும்.

நாபை திருகினா கரகர

பழைய பாட்னா தூசி. எலக்ட்ரானிக் கான்டாக்ட் க்ளீனரை உள்ள அடிச்சு இந்தக் கோடி அந்தக் கோடி நல்லா திருகுங்க. துரு எடுக்கற ஸ்பிரேயை அடிக்காதீங்க, அதுல இருக்கற எண்ணெய் உள்ள தங்கி தூசியை கூப்பிட்டு வச்சுக்கும். புது பாட்லயே கரகரன்னா ரெண்டு காரணம். ஒண்ணு, சால்டர் பண்ணும்போது முதுகுல ரொம்ப நேரம் அயனை வச்சு உள்ள இருக்கற டிராக் கெட்டிருக்கலாம். 25 வாட் அயன் வச்சு பாட் முதுகுல ஈயம் பிடிக்க வைக்கறது கஷ்டம், பிடிக்கவே பிடிக்காது, நாம விடாம அழுத்திட்டே இருப்போம். முதுகை உப்புத்தாள்ல தேய்ச்சு, ரோசின் ஃப்ளக்ஸ் கொஞ்சம் தடவி, பெரிய முனை போட்ட 40, 60 வாட் அயன்ல சட்டுனு வச்சு சட்டுனு எடுங்க. ஈயம் பளபளன்னு பரவி உக்காரணும், உருண்டையா மங்கலா நின்னா அது ஒட்டல, மேல உக்காந்திருக்கு. குழாய் வேலைக்கு வர்ற ஆசிட் ஃப்ளக்ஸ் பக்கமே போகாதீங்க.

ரெண்டாவது காரணம், ஆக்டிவ் பேஸா இருந்து புது பாட் கரகரன்னா ப்ரீஆம்ப்ல இருந்து பாட் வழியா டிசி கசியுது, பாட்டை எத்தனை தடவை மாத்தினாலும் போகாது, ப்ரீஆம்ப்ல டிசியை தடுக்கற கப்ளிங் கெப்பாசிட்டர் போயிருக்கு.

பாட் வாங்கும்போதே ஒண்ணு, சிடிஎஸ் கம்பெனி பாட்டோட கழுத்துக்கு 9.5 மில்லிமீட்டர் ஓட்டை வேணும், நிறைய ஆசிய மாடல் பேஸ்ல 8 மில்லி ஓட்டைதான் இருக்கும். அளந்துட்டு வாங்குங்க.

வால்யூம் ஸ்விட்ச் மாதிரி வேலை செய்யுது, இல்ல சத்தம் மங்கிப் போச்சு

பாட் மதிப்பு மாறி இருக்கு. பேசிவ் பிக்கப்புக்கு 250 கே, ஈஎம்ஜி மாதிரி ஆக்டிவ் பிக்கப்புக்கு 25 கே. பேசிவ்ல 25 போட்டா டிரெபிள் எல்லாம் முழுங்கிடும், ஆக்டிவ்ல 250 போட்டா கடைசி ஒரு சின்ன திருகல்ல மொத்தமும் நடக்கும். வால்யூமுக்கு 'A' எழுத்து போட்ட ஆடியோ டேப்பர், அதாவது திருகத் திருக சத்தம் காதுக்கு சீரா ஏறற வகை நல்லது. ரெண்டு பிக்கப்பையும் கலக்கற பிளெண்ட் நாப்ல நடுவுல நிறுத்தினா ரெண்டு பிக்கப்பும் குறைஞ்சா, அது நடுவுல ரெண்டையும் ஃபுல்லா விடற எம்என் டேப்பர் இல்லாத சாதா டபுள் பாட், மாத்தறதைத் தவிர வழி இல்ல.

பேட்டரி சீக்கிரம் தீருது, சத்தம் கிழியுது

சத்தம் கிழிஞ்சா முதல்ல 9 வோல்ட் பேட்டரியை அளங்க, ஏழுக்கு கீழ போயிருந்தா வேற எதையும் தேடாதீங்க. புது பேட்டரி போட்டும் சீக்கிரம் தீர்ந்தா ஜாக்கைப் பாருங்க. ஆக்டிவ் பேஸுக்கு ஸ்டீரியோ ஜாக், பேட்டரியோட கருப்பு வயர் அதுல இருக்கற ரிங்னு சொல்ற மூணாவது காலுக்கு வரணும், மோனோ பிளக் சொருகும்போது பிளக் பாடி ரிங்கையும் கிரவுண்டையும் சேர்த்து சர்க்யூட்டை ஆன் பண்ணும். அந்த கருப்பு வயரை நேரா கிரவுண்ட்ல பத்த வச்சிருந்தா பேஸ் எப்பவும் ஆன்லயே இருக்கும். நிறைய ப்ரீஆம்ப் ஒரு மில்லியாம்ப் பக்கம்தான் இழுக்கும், அல்கலைன் பேட்டரி ஏறக்குறைய 500 மில்லியாம்ப் ஹவர், அப்படின்னா நிறுத்தாம ஓடினா மூணு வாரத்துல காலி. சந்தேகம்னா பேட்டரி க்ளிப்போட ஒரு முனையை மட்டும் கழட்டி, அந்த இடைவெளியில மீட்டரை மில்லியாம்ப்ல வச்சு சேர்த்துப் பாருங்க. கேபிள் சொருகியிருந்தா கொஞ்சம் காட்டணும், உருவினதும் பூஜ்யம் ஆகணும். ஆகலன்னா அந்த கருப்பு வயர்தான்.